சைகோன் கரவெல் ஓட்டல் மொட்டைமாடி: எந்த நேரம் போகலாம்?

கேள்வி:
அடுத்த மாதம் அப்பாவுடன் ஹோ சி மின் நகரம் (பழைய பெயர் சைகோன்) போகிறேன். வியட்நாம் போர்ச் செய்திகளை அந்தக் காலத்தில் ஒன்று விடாமல் படித்தவர் அவர். வெளிநாட்டுச் செய்தியாளர்கள் கூடிய கரவெல் மாடி மதுக்கூடத்தைக் காட்ட ஆசை. மது அருந்தமாட்டார். போகலாமா?

பதில் 1:
தாராளமாகப் போங்கள். பழச்சாறு வாங்கிக்கொண்டு உட்காரலாம்.

பதில் 2:
வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். 1959இல் திறந்த பழைய கட்டடத்துக்குப் பத்து மாடிதான். மதுக்கூடம் அதன் உச்சியில் இருக்கிறது. 1998இல் புதுப்பித்துத் திறந்தபோது சேர்ந்த 24 மாடிக் கோபுரத்தில் போய்த் தேடாதீர்கள். கைப்பிடிச் சுவரோரம் நின்றால் 1900இல் திறந்த ஓபரா அரங்கம் கீழேயே தெரியும். அதற்கு அப்பால் 1880இன் காண்டினென்டல் ஓட்டல். உயரம் குறைவாக இருப்பதுதான் அழகு. அரங்கத்தின் படிகளில் உட்கார்ந்து பேசுகிறவர்களின் கையசைவுகூடத் தெரிகிறது, மோட்டார் சைக்கிள் ஹாரன் மேலே வரை கேட்கிறது.

கேட்டவர்:
நன்றி ஐயா. அப்பாவுக்கு முழங்கால் வலி. லிஃப்ட் உண்டா?

பதில் 2:
உண்டு, கவலை வேண்டாம். இரவில் இசைக்குழு தொடங்கிவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பேச்சே காதில் விழாது. உங்கள் அப்பாவுக்குச் சொல்ல நிறைய இருக்கும். அதற்காகவே சீக்கிரம் போகச் சொல்கிறேன்.