நீண்ட குழுப் பயணத்தின் முடிவில் ஃபேபர் மலை: பின்தங்காமல் ஏறுவது எப்படி?

தெம்பனிஸ்வாசி:

அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலை ஐந்து மணிக்குச் சிங்கப்பூரின் தெம்பனிஸிலிருந்து மிதிவண்டியில் புறப்பட்டு, சாங்கி, மண்டாய், லிம் சூ காங் வழியாகத் தீவைச் சுற்றி ஏறத்தாழ 110 கிலோமீட்டர் ஓட்டும் பதினான்கு பேர் கொண்ட குழுவில் நானும் ஒருவன். சமதரையில் குழுவோடு ஒட்டிச் செல்வதில் எனக்குச் சிரமம் இல்லை. சவுத் புவன விஸ்தா சாலையும் ஃபேபர் மலையும் கடைசியில் வரும்போதுதான் கால்கள் கைவிரிக்கின்றன.

சென்ற வாரம் ஃபேபர் மலையின் ஒரு செங்குத்தான வளைவில், முன்னால் செல்பவரின் பின்சக்கரத்தை விட்டுவிடக் கூடாது என்ற பிடிவாதத்தில், முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டே பெரிய செயின்ரிங்கிலிருந்து (மிதிகட்டைப் பக்கமுள்ள முன் பற்சக்கரம்) சிறியதற்கு மாற்றினேன். சங்கிலி கழன்று விழுந்தது. மிதிகட்டையில் பூட்டியிருந்த காலணியை விடுவிப்பதற்குள் வண்டி நின்றுவிட, இடப்பக்கப் புல்லில் அப்படியே சாய்ந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, விரல்களெல்லாம் கரி. பின்னால் வந்த இருவர் என்மேல் ஏறாமல் விலகிச் சென்றது அவர்களுடைய திறமை.

என் வயது 46, எடை 72 கிலோ. வண்டியில் முன்னால் இரண்டு பற்சக்கரங்களில் 52/36 பற்கள், பின்சக்கரப் பற்சக்கரங்களில் 11 முதல் 28 வரை பற்கள். பயிற்சியைக் கூட்ட வேண்டுமா, கியரை மாற்ற வேண்டுமா?

கிராஞ்சிக்காற்று:

இரண்டுக்கும் முன்பாக, அந்தப் பிடிவாதத்தை மாற்ற வேண்டும் என்பேன். சமதரையில் 32 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது நம்மைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் காற்று. அதனால்தான் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிச் செல்வதில் அவ்வளவு ஆதாயம் இருக்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் வேகம் ஒன்பது, பத்து என்று இறங்கிவிட்டால் காற்றின் தடை ஏறக்குறைய இல்லாமல் போய், எடை மட்டுமே எதிரியாக நிற்கிறது. அங்கே அடுத்தவரின் சக்கரத்தை ஒட்டிச் செல்வதால் உங்களுக்கு மிச்சமாவது சொற்பம். பறிபோவது உங்களுடைய சீரான தாளம். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை காவடியோடு செல்பவர்கள்கூட ஒரே வேகத்தில் நடப்பதில்லையே!

இனி கியர். முன்னால் 36, பின்னால் 28 என்றால் ஒரு முழு மிதிக்கு வண்டி ஏறத்தாழ 2.7 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 மிதி என்பது மலைக்கு மிதமான வேகம்தான். அதற்கே மணிக்குப் பத்து கிலோமீட்டரை நெருங்க வேண்டும். நீங்கள், வண்டி, தண்ணீர் எல்லாம் சேர்த்து 82 கிலோ என்று கொண்டால், நூற்றுக்குப் பத்து சரிவில் எடையைத் தூக்குவதற்கு மட்டும் சுமார் 220 வாட் தேவைப்படும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டிய 46 வயதுக் கால்களிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. பின்னால் 11–34 கேசட் (பின்சக்கரப் பற்சக்கரத் தொகுதி) போட்டால் ஒரு மிதிக்கு 2.2 மீட்டர், அதே 60 மிதிக்கு மணிக்கு எட்டு கிலோமீட்டர், சுமார் 180 வாட். கேசட்டை வாங்குவதற்கு முன், உங்கள் பின் டிரெயிலியர் (சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் கருவி) 34 பற்களை ஏற்குமா, சங்கிலியின் நீளம் போதுமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்கிலி கழன்றதற்குக் காரணம் நீங்களே எழுதிவிட்டீர்கள்: முழுப் பலம். ஏற்றம் கண்ணில் பட்டவுடனே, வேகம் மிச்சமிருக்கும்போதே, அரைச் சுற்று இலேசாக மிதித்து மாற்றிவிட வேண்டும்.

ஈசூன் அக்கா:

தம்பி, பதினான்கு பேரும் ஒரே கூட்டமாகச் செல்கிறீர்களா? 2022 ஜனவரி 1 முதல், சாலையில் ஒரு குழுவின் நீளம் ஐந்து மிதிவண்டிகளுக்கு மேல் போகக் கூடாது. இருவர் இருவராகச் செல்ல அனுமதி உள்ள சாலையில் பத்துப் பேர். ஃபேபர் மலையைப் போல ஒரு திசைக்கு ஒரே தடம் உள்ள சாலையில் ஒற்றை வரிசையில் ஐந்தே பேர். மீறினால் அபராதம் 150 சிங்கப்பூர் வெள்ளி. குழுக்களுக்கு இடையே இரண்டு விளக்குக் கம்பங்கள் அளவு, அதாவது சுமார் 30 மீட்டர், இடைவெளி விடச் சொல்கிறார்கள். ஆகவே மலையடிவாரத்தில் ஐந்து, ஐந்து, நான்கு என்று பிரிந்து, மெதுவாக ஏறுபவர்களை முதல் குழுவாக அனுப்பிவிடுங்கள். யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை.

இன்னொன்று, மலையை ஏன் கடைசியில் வைக்கிறீர்கள்? ஒன்பது மணி வெயிலில், வற்றிய குப்பியோடு ஏறுவதைவிட, சுற்றைத் திருப்பிப் போட்டு, ஈஸ்ட் கோஸ்ட் பக்கமாக வந்து ஃபேபர் மலையை இருள் பிரியும் நேரத்தில் முடித்துவிடலாம். சுற்றுலாப் பேருந்துகளும் அப்போது இரா.

தாப்பா வரை:

அக்கா சொல்வதோடு உடன்படுகிறேன், ஒரு திருத்தத்துடன்: நெடிய மலைப் பயணத்துக்குத் தயாராகிறவர்கள் மாதம் ஒரு முறையாவது களைத்த கால்களோடு ஏறிப் பழக வேண்டும். நாங்கள் மலேசியாவின் தாப்பாவிலிருந்து கேமரன் மலையின் தானா ராத்தாவுக்கு ஏறினோம். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரம், 1,400 மீட்டர் உயரம். சராசரிச் சரிவு ஃபேபர் மலையைவிடக் குறைவுதான், ஆனால் எளிதில் முடியாது. லாத்தா இஸ்கண்டார் அருவியில் எல்லாரும் வந்து சேரட்டும் என்று முதலில் வந்தவர்கள் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டார்கள். சட்டை நனைந்து, கால் விறைத்து, மீண்டும் புறப்பட்டபோது அதிகம் தடுமாறியவர்கள் அவர்களே. காத்திருப்பதானால் பத்து நிமிடம். அதற்கு மேல் ஒருவரை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவர்கள் கிளம்பிவிடலாம்.

தெம்பனிஸ்வாசி:

எல்லாருக்கும் நன்றி. 11–34 போட்டாயிற்று, டிரெயிலியர் ஏற்றுக்கொண்டது, சங்கிலி மட்டும் புதிது. இந்த ஞாயிறு சுற்றைத் திருப்பிப் போட்டு, முதல் குழுவில் ஏறினேன். என் குழுவில் நான்தான் கடைசி, ஆனால் உட்கார்ந்தபடியே, நிற்காமல் ஏறினேன். மேலே எனக்காக எடுத்து வைத்திருந்த வாழைப்பழத்தை மட்டும் குரங்கு கொண்டுபோய்விட்டது. ஒரே குறை, 34 பல்லுக்கு வரும்போது டிரெயிலியரின் மேல் உருளை அதன்மேல் உரசுவதுபோல் கரகரவென்று சத்தம்.

கிராஞ்சிக்காற்று:

பின் டிரெயிலியரின் பி திருகாணியை (மேல் உருளைக்கும் பற்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்வது) அரைச் சுற்று உள்ளே திருகிப் பாருங்கள். சத்தம் நிற்கும் வரை கால் சுற்றாகக் கூட்டினால் போதும்.