இரும்பு கலந்த டைட்டானியாவும் திருப்பூர்ச் சாயத்தண்ணியும்

டைட்டானியா என்பது டைட்டானியம் டைஆக்சைடு; ஒளி பட்டால் சாயத்தைச் சிதைக்கும் பொடி. அதில் நிக்கல், கோபால்ட் கலந்து பார்த்த நண்பர்கள் எழுதிய அனுபவங்களைப் படித்தேன்; ஒருவர் கோபால்ட்டில் சிரமப்படுவதாகச் சொல்லியிருந்தார். நான் வேலை செய்தது இரும்பில். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது திருப்பூர் பட்ட பாட்டைப் பார்த்தவன். சாயத்தண்ணியின் நிறத்தை வெயிலை வைத்தே எடுக்க முடியுமா என்ற கேள்வியோடுதான் கோவையில் ஆய்வு மாணவனாகச் சேர்ந்தேன்.

டைட்டானியாவின் ஒரு படிக வடிவம் அனடேஸ். சுத்தமான அனடேஸில் எலக்ட்ரானைக் கிளப்பிவிடத் தேவையான ஆற்றல், அதாவது பட்டை இடைவெளி, 3.2 எலக்ட்ரான் வோல்ட். 387 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதா ஒளிக்குத்தான் அது அசையும். நம்ம ஊர் வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் அதில் புற ஊதா 5 சதவீதத்தை ஒட்டித்தான் தேறும். இரும்பைச் சேர்ப்பது இதற்காகத்தான். டைட்டானியம் அயனியின் ஆரம் 0.605 ஆங்ஸ்ட்ராம், ஃபெரிக் அயனிக்கு, அதாவது இரும்பு அயனிக்கு, 0.645. கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால் படிகத்தில் டைட்டானியத்தின் இடத்திலேயே இரும்பு உட்கார்ந்துகொள்ளும். இரும்பின் டி-மட்டங்கள் (அதன் எலக்ட்ரான்கள் இருக்கும் ஆற்றல் படிகள்) அந்தப் பட்டை இடைவெளிக்குள் வந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் உறிஞ்சப்படும்.

கரைசலைக் கூழாக்கிப் பொடி எடுக்கும் கூழ்முறையில் (சோல்-ஜெல்) ஃபெரிக் நைட்ரேட் என்ற இரும்பு உப்பைச் சேர்த்து, காயவைத்து, 450 டிகிரியில் சுட்டு, கல்வத்தில் அரைத்து எடுத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அரை சதவீதத்தில் இளமஞ்சள். 5 சதவீதத்தில் செங்கல் பொடி மாதிரி காவி. நிறமாலையில் காவிப் பொடிதான் அதிக ஒளியை விழுங்கும். ஆனால் சாயத்தை வேகமாகச் சிதைப்பது இளமஞ்சள்தான்.

காரணம் இதுதான். அளவாக இருக்கும்போது இரும்பு எலக்ட்ரானைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்து ஆக்சிஜனிடம் ஒப்படைக்கும், எலக்ட்ரான் கிளம்பிய இடத்தில் மிஞ்சும் 'துளை' அதற்குள் சாயத்தைச் சிதைக்கும் வேலையைப் பார்க்கும். இரும்பு கூடினால் இப்படிப் பிடித்துவைக்கும் இடங்கள் (பொறிகள்) நெருங்கிவிடும். எலக்ட்ரானும் துளையும் அங்கேயே சேர்ந்து, வாங்கிய ஒளி வெப்பமாகப் போய்விடும். 1994-ல் சோய், டெர்மின், ஹாஃப்மன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 21 உலோக அயனிகளைச் சோதித்தபோதும் இரும்பு 0.1 முதல் 0.5 சதவீதத்துக்குள் நன்றாக வேலை செய்தது, கோபால்ட் வேகத்தைக் குறைத்தது. கோபால்ட்டில் சிரமப்படும் நண்பர் அந்த ஆய்வை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இன்னொன்று. சோதனைச் சாயமான மெத்திலீன் நீலத்தை மட்டும் வைத்து 'வெயிலில் வேலை செய்கிறது' என்று தயவுசெய்து முடிவுகட்டாதீர்கள். அந்தச் சாயமே 664 நானோமீட்டரில் ஒளியை வாங்கி, எலக்ட்ரானைப் பொடிக்குத் தள்ளித் தானே வெளுக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியை வாங்காத, நிறமில்லாத ஃபீனால் என்ற கரிமப் பொருளையும் கூடவே வைத்துப் பாருங்கள். தண்ணியில் மிஞ்சும் கரிமப் பொருளைக் காட்டும் மொத்தக் கரிமக் கார்பன் குறைகிறதா என்பதையும் அளந்துவிடுங்கள்.

பெருந்துறை நண்பரின் மறுமொழி:
அண்ணா, எங்க சாயப்பட்டறையில் கழிவுத்தண்ணியை ஆவியாக்குற எவாப்பரேட்டர் செலவுதான் கழுத்தைப் பிடிக்குது. இந்தப் பொடி போட்டா அது குறையுமாங்க?

என் பதில்:
குறையாதுங்க தம்பி. எவாப்பரேட்டர் ஓடுவது உப்பைப் பிரிக்க. இந்தப் பொடி சாயத்தைச் சிதைக்கும், உப்பைத் தொடாது. பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்துக்கு லிட்டருக்குப் பல பத்துக் கிராம் உப்புப் போடுறீங்க இல்லையா, அந்தக் குளோரைடு துளைகளையும் சாயத்தைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகளையும் (ரேடிகல்) பிடித்துக்கொண்டு வேகத்தைக் கெடுக்கும். தண்ணி கருகருன்னு இருந்தால் வெயிலும் உள்ளே இறங்காது. கடைசி அலசல் தண்ணியில் நிறமும் உப்பும் குறைவு, முயன்றால் அதில்தான் முயல வேண்டும். ஒரு கேனில் பிடித்து வையுங்க, முதலில் குளோரைடு எவ்வளவு என்று பார்த்துவிடலாம்.