புதுப்பிப்பு: சோலார் வகுப்புக்கு வராமல் நின்றவர்கள் திரும்பி வந்தார்கள்

இலவசமாக நடத்தியும் எங்கள் சோலார் பயிற்சியில் பாதிப் பேர் வராமல் நின்றுவிட்டார்கள், என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னது சரிதான். வகுப்புக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடுகிறது. நேரத்தை மாலைக்கு மாற்றி உதவித்தொகையும் கொடுத்தோம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஒருவரை அமர்த்தினோம். நின்ற 9 பேரில் 7 பேர் வந்துவிட்டார்கள்!

நேற்று ஒரு அக்கா மல்டிமீட்டரை (வோல்ட் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தார். ஒரு பேனலில் 37 வோல்ட். இரண்டைத் தொடராக (ஒன்றின் பிளஸ்ஸை இன்னொன்றின் மைனஸோடு) இணைத்ததும் 74. "அப்படியே கூடுதே!" என்று பூரித்துப் போனார். அப்புறம் அவரே அந்த அளவுகளை எக்செல்லில் ஏற்றினார். மவுஸைத் தொடவே தயங்கியவர் அவர். கணினியைத் தனிப் பாடமாக வைத்தது எங்கள் தவறு. கையில் வேலை இருந்தால்தான் அது பிடிபடுகிறது.

மீதி இரண்டு பேரை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போய்ப் பார்க்கப் போகிறோம்.