‘செலவு நோய்’ வேண்டாம், ‘தொற்றேற்றம்’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கல்விக்கு அரசு செய்யும் செலவு பற்றிய நம் சொற்பட்டியலில் ‘காஸ்ட் டிசீஸ்’ என்பதற்குச் ‘செலவு நோய்’ என்று போட்டிருக்கிறோம். அதை எடுத்துவிடலாம் என்பது என் கட்சி. பொருளியல் படிக்காத ஒருவரிடம் பட்டியலைக் காட்டினேன். “பள்ளிகளில் பணம் விரயமாவதைச் சொல்கிறீர்களா?” என்றார். கருத்தோ அதற்கு நேர் எதிர்: விரயமே இல்லாமல், பிற துறைகளில் கூலி உயர்வதாலேயே இங்கே செலவு ஏறுவது.

பொருளியலாளர் வில்லியம் பாமோல் இதைப் பள்ளிக்கூடத்தில் கண்டுபிடிக்கவில்லை. 1966-இல் இன்னொரு பொருளியலாளர் வில்லியம் போவனோடு சேர்ந்து நாடகம், இசை முதலிய நிகழ்த்துகலைகளின் வரவுசெலவை ஆராய்ந்தபோது பிடிபட்டது. பீத்தோவனின் நால்வர் இசைக்கு அன்றும் நால்வர் வேண்டும், இன்றும் நால்வர் வேண்டும். இரண்டு மடங்கு வேகத்தில் வாசித்து நேரத்தை மிச்சம் பிடிக்க முடியாது. ஆனால் அன்றைய சம்பளத்துக்கு இன்று யாரும் வாசிக்க வரமாட்டார்கள்.

பள்ளியிலும் இதே கதைதான். ஒருவர் மணிக்கு 10 சட்டை தைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல எந்திரம் வந்ததும் 20 தைக்கிறார், கூலியும் இரட்டிப்பாகிறது. ஒரு சட்டைக்கு ஆகும் கூலி மட்டும் மாறவில்லை. ஆசிரியர் முன்பும் 30 பேருக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார், இப்போதும் அதையே செய்கிறார். அவர் சம்பளத்தைக் கூட்டாவிட்டால் நாளடைவில் அந்த வேலைக்கு ஆள் கிடைக்காது. கூட்டினால், முன்பு 10 சட்டைக்குச் சமமாக இருந்த பாடம் இப்போது 20 சட்டைக்குச் சமமாகிவிடும். இதில் யாரும் திருடவில்லை, யாரும் சோம்பியிருக்கவுமில்லை. பாடத்துக்குப் போகும் உழைப்பும் அதே ஒரு மணி நேரம்தான். பக்கத்துத் துறை முன்னேறியதால் இங்கே விலை ஏறுகிறது. பெரும்பாலான நாடுகளில் கல்விச் செலவில் பெரும்பங்கு சம்பளம் என்பதால் வரவுசெலவுத் திட்டத்தில் இது பளிச்சென்று தெரியும்.

சரி, சொல்லுக்கு வருவோம். முதலில் ‘உடனேறு செலவு’ என்று யோசித்தேன். வினைத்தொகை, அழகாகத்தான் இருந்தது. எழுதிப் பார்த்தால் கண் ‘உடனே’ என்றே வாசிக்கிறது. அதோடு உடன்கட்டை வேறு நினைவுக்கு வந்து தொலைத்தது. விட்டுவிட்டேன்.

இப்போது முன்வைப்பது ‘தொற்றேற்றம்’. ஓடும் வண்டியில் தொற்றிக்கொண்டு ஏறுவதுபோல, ஒரு துறையின் கூலி உயர்வைத் தொற்றிக்கொண்டு இன்னொரு துறையின் செலவு ஏறுகிறது. தொற்று என்பதில் பாமோலின் நோயும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, பழி மட்டும் போய்விடுகிறது. ‘தொற்றேறிய செலவு’, ‘செலவு தொற்றேறுகிறது’ என்று புழங்கவும் வளைந்துகொடுக்கிறது. இரண்டு கேள்விகள் எழலாம்.

> மூலத்தில் டிசீஸ் என்றுதானே இருக்கிறது? பாமோல் பயன்படுத்திய பெயரை நாம் திருத்தலாமா?

திருத்தவில்லை. பெயரைப் பெயர்ப்பதா, கருத்தைப் பெயர்ப்பதா என்றால் என் ஓட்டு கருத்துக்கு. உற்பத்தித்திறன் பெருகும் சமுதாயத்தால் இந்த ஏறிய விலையைக் கொடுக்க முடியும் என்று பாமோலே பிற்காலத்தில் வலியுறுத்தினார். நோய் என்ற சொல் அந்தப் பாதியை விழுங்கிவிடுகிறது.

> அப்புறம் எல்லாச் செலவையும் தொற்றேற்றம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்களே?

நியாயமான பயம். வகுப்பில் மாணவர் எண்ணிக்கையைக் குறைத்ததால் கூடிய செலவு தொற்றேற்றம் ஆகாது, நிர்வாகப் பணியிடங்கள் பெருகியதால் கூடியதும் ஆகாது. சொற்குறிப்பில் இதைக் கட்டாயம் எழுதவேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. நாட்டின் மொத்த உற்பத்தியை அளக்கும் தேசியக் கணக்குகளில் அரசுக் கல்வியின் விளைவை நெடுங்காலம் அதற்கு ஆன செலவைக் கொண்டே அளந்தார்கள். உள்ளே போனதே வெளியே வந்ததாகக் கணக்கிட்டால் உற்பத்தித்திறன் எப்படிக் கூடும்? பிரிட்டனில் 2005-இல் வந்த அட்கின்சன் அறிக்கை இந்த அளவீட்டைத்தான் கையிலெடுத்தது. ஆகவே ஏறியதில் எவ்வளவு தொற்றேற்றம், எவ்வளவு அளவுகோலின் கோளாறு என்பது தனி வழக்கு.

கடைசியாக ஒன்று. உற்பத்தித்திறன் எளிதில் பெருகாத இப்படிப்பட்ட துறைகளைப் பாமோல் ‘ஸ்டாக்னன்ட்’ என்பார். ‘தேங்கிய துறை’ என்று எழுதினால் பாசி பிடித்த குட்டைதான் கண்ணில் நிற்கிறது. ஆளின் நேரத்தையே நம்பியிருக்கும் துறை என்ற பொருளில் ‘ஆட்பொழுதுத் துறை’ என்று ஒன்று தோன்றியது, எனக்கே முழுத் திருப்தி இல்லை. உங்களிடம் வேறு சொல் இருந்தால் எழுதுங்கள், பட்டியலில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.