ஹிராபூரில் கூரையில்லாத யோகினியர் கோயில்

புவனேசுவரத்துக்கு அருகே, ஹிராபூர் என்னும் சிற்றூரில் உள்ள அறுபத்து நான்கு யோகினியர் கோயிலைச் சென்ற ஆண்டு தரிசித்தேன். யோகினியர் என்போர் தாந்திரிக மரபில் கூட்டமாக வழிபடப்படும் தேவியர். தொலைவிலேயே கோபுரத்தைக் கண்டு கைகூப்பிப் பழகிய எனக்கு, ஆள் உயரத்தைச் சற்றே விஞ்சிய ஒரு வட்டச் சுவர் மட்டும் தென்பட்டபோது, இதுதான் கோயிலா என்ற தயக்கம் எழுந்தது.

குறுகிய வழியில் தலை தாழ்த்தி உள்ளே சென்றதும் அந்தத் தயக்கம் அகன்றது. சுமார் 25 அடி விட்டமே கொண்ட அந்த வெளியைச் சூழ்ந்து, மணற்கல் சுவரின் உட்புறத்தில் 60 மாடங்கள் இருக்கின்றன; மீதி நால்வருக்கு நடுவிலுள்ள மண்டபத்தில் இடம். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ இரண்டடி உயரத்தில், கரிய குளோரைட் கல்லில் வடித்த யோகினி ஒருத்தி தன் ஊர்தியின்மேல் நிற்கிறாள். யானைமுகத்தாள், பன்றிமுகத்தாள், எலும்பெடுத்த உடலுடைய சாமுண்டி என ஒருத்தியைப் போல் மற்றொருத்தி இல்லை. நம் கோயில்களில் கருவறையை நோக்கி நின்றால் தெய்வம் எதிரே இருக்கும். இங்கோ எந்தத் திசையில் திரும்பினாலும் நம் முதுகுப்புறமும் ஒரு தேவி நிற்கிறாள். வட்டத்துக்கு முன்னும் பின்னும் இல்லை என்பதை உடலால் உணர்ந்த இடம் அது.

9-ஆம் நூற்றாண்டில், ஒடிசாவை ஆண்ட பௌமகரர் ஆட்சிக்காலத்தில் எழுந்ததாகக் கருதப்படும் இக்கோயில், 1953-இல் கேதாரநாத் மகாபாத்ரா என்ற ஆய்வாளரால்தான் வெளியுலகின் கவனத்துக்கு வந்தது. நுழைவழியோடு சேர்த்து மேலிருந்து நோக்கினால் அதன் தரைத்திட்டம் ஆவுடையாரை ஒத்திருக்கும். யோகினியர் வானில் உலவுபவர்கள் என்பதால் கூரை வேயப்படவில்லை என்ற விளக்கம், நடுமண்டபத்தருகே நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்கு முழுமையாகப் பொருந்தியது. மகாமாயையாக வழிபடப்படும் தேவிக்குச் செந்நிற ஆடை சாத்தியிருந்தார்கள். வழிபாடு இன்றும் நடக்கிறது.

காஞ்சிபுரம் பகுதியில் 10-ஆம் நூற்றாண்டில் வடிக்கப்பட்ட யோகினியர் உருவங்கள் இன்று பல நாட்டு அருங்காட்சியகங்களில் தனித்தனியே நிற்பதை அங்கே நினைத்துக்கொண்டேன். அவர்களைச் சூழ்ந்திருந்த கோயில் எஞ்சவில்லை. தோழியர் வரிசையிலிருந்து பிரிக்கப்பட்ட ஒரு யோகினி எவ்வளவு இழந்திருக்கிறாள் என்பது ஹிராபூரைக் கண்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

செல்பவர்கள் உள்ளே கண்டதோடு திரும்பிவிடாமல் வெளிச்சுவரையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். வெட்டுண்ட தலைகளின்மேல் நிற்கும் ஒன்பது காத்தியாயனியர் அங்கே வெளிநோக்கிக் காவல் இருக்கிறார்கள். அவசரத்தில் நான் முதலில் அவர்களைக் கவனிக்காமலே கடந்துவிட்டேன்.