அலென்டேஜோ தாழி ஒயின்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

லிஸ்பன்வாசி:

போர்ச்சுகல் ஒயின் என்றாலே, வடக்கே டோரோ பள்ளத்தாக்கில் விளையும் இனிப்பான போர்ட் ஒயினைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் பார்த்தது வேறு, மண் தாழியில் செய்யும் ஒயின். என்னோடு வேலை பார்க்கும் நண்பரின் மாமனார் ஊர் விலா டி ஃப்ராடெஸ். போர்ச்சுகலின் தெற்கே, அலென்டேஜோவில், விடிகெய்ரா பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர். நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளுக்கு அங்கே கூட்டிப்போனார். அன்றைக்குத்தான் தாழியைத் திறப்பார்கள்.

வீட்டை ஒட்டிய கூடத்தில் ஆள் உயரத்துக்கு மண் தாழிகள் வரிசையாக நிற்கின்றன. 'தால்யா' என்கிறார்கள். பெரியது ஒன்றில் 1,000 லிட்டருக்கு மேல் பிடிக்கும். சிலவற்றில் விரிசல் விட்ட இடத்தை இரும்புக் கம்பி கொண்டு தைத்திருக்கிறார்கள். உள்ளே பைன் பிசின் பூச்சு. அது இல்லாவிட்டால் சுட்ட மண் ஒயினைக் குடித்துவிடும்.

பறித்த திராட்சையை நசுக்கி, தோலும் கொட்டையும் கொஞ்சம் காம்புமாகத் தாழியில் போடுகிறார்கள். ஈஸ்ட் தனியாகச் சேர்ப்பதில்லை, பழத்தோடு வந்ததே போதும். நுரைக்க ஆரம்பித்ததும் தோல் எல்லாம் மேலே ஏறிக் கெட்டியாக அடைத்துக்கொள்ளும். தினமும் இரண்டு மூன்று தடவையாவது நீண்ட மரக்கோலால் அதை அமுக்கிவிட வேண்டும். விட்டுவிட்டால் அடியில் வாயு சேர்ந்து தாழியே வெடித்துவிடும். தரை ஏன் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது என்று கேட்டேன். சரிவு முடியும் இடத்தில் தரைக்குள் ஒரு பானை புதைத்திருப்பதைக் காட்டினார் நண்பரின் மாமனாரான பெரியவர். தாழி உடைந்தாலும் ஒயின் மண்ணுக்குப் போகாமல் அதில் வந்து சேரும். அந்தப் பானைக்குத் 'திருடன்' என்று பெயர்!

நுரை அடங்கினால் தோல் அடியில் படிந்துவிடும். மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றிக் காற்றுப் படாமல் வைப்பவர்களும் உண்டு. திறக்கும்போது பெரியவர் தாழியின் அடிப்பக்கத் துளையில் மரக்குழாயை வைத்துச் சுத்தியலால் அடித்தார். முதலில் கலங்கலாகத்தான் வந்தது. பிடித்துத் திரும்ப மேலேயே ஊற்றினார். மறுபடியும் பிடித்தார், மறுபடியும் ஊற்றினார். படிந்த தோலே வடிகட்டி. கொஞ்ச நேரத்தில் கண்ணாடித் தம்ளரில் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தெளிந்து வந்தது. எந்த இயந்திரமும் இல்லை. நான் அசந்துபோய் நின்றேன்.

வெள்ளைத் திராட்சைதான். அந்தாவ் வாஸ் என்ற வகை அந்த வட்டாரத்தில் பெயர் பெற்றது. தோலோடு ஊறியதால் நிறம் அடர்ந்த மஞ்சள், நாக்கில் லேசான துவர்ப்பு, கடைசியில் பிசின் வாசம். தொட்டுக்கொள்ள ரொட்டி, ஆலிவ், சுட்ட செஸ்ட்நட். அப்புறம் ஆண்கள் தோளோடு தோள் நின்று பாட ஆரம்பித்தார்கள். வாத்தியமே கிடையாது. 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 'கான்டே' பாட்டு அது.

ரோமானியர் காலத்து முறை என்பார்கள். ஊருக்குப் பக்கத்திலேயே சாவ் குகுஃபாட்டே என்ற ரோமானிய மாளிகையின் இடிபாடு இருக்கிறது. ஆனால் எனக்கு ரோமானியர்களைவிட இந்தப் பெரியவரைப் போன்றவர்கள்தான் முக்கியமாகப் படுகிறார்கள். கடந்த நூற்றாண்டின் நடுவில் கூட்டுறவு ஒயின் ஆலைகள் வந்தன. பழத்தை அங்கே கொடுத்துவிட்டால் வேலை மிச்சம். பெரிய தாழி வனையும் குயவர்கள் இல்லாமல் போனார்கள், பிசின் பூசத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். அப்போதும் வீட்டுக்குக் குடிக்கவும் ஊர் மதுக்கடைக்குக் கொடுக்கவும் என்று விடாமல் செய்தவை இந்தச் சின்னக் குடும்பங்கள்தான். 2010-இல்தான் தாழி ஒயினுக்குத் தனி விதிமுறை வந்தது. இப்போது பெரிய பண்ணைகளும் பழைய தாழிகளைத் தேடித்தேடி வாங்குகின்றன. பெயர் பரவட்டும், நல்லதுதான். ஆனால் யாரும் சீந்தாத காலத்தில் இதைக் காப்பாற்றியவர்களுக்கு அந்த விலையில் பங்கு போய்ச் சேரவேண்டும்.

டோரோ பயணி:

அருமையான பதிவு. நீங்கள் கடைசியாகச் சொன்னதையே நான் வடக்கே டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் கேட்டேன். அங்கே ஒரு சிறு தோட்டத்தில் தங்கியிருந்தோம். கருங்கல் தொட்டியில் திராட்சையைக் காலால் மிதிக்கிறார்கள். முதலில் கைகோத்து வரிசையாக, எண்ணிக்கை சொல்லிச் சொல்லி மெதுவாக நடை. அது முடிந்தபின்தான் அக்கார்டியனும் ஆட்டமும். காலால் மிதித்தால் கொட்டை உடையாது, கசப்பு இறங்காது என்பது அவர்கள் கணக்கு.

தோட்டக்காரம்மா சொன்னதுதான் மனதில் நிற்கிறது. 1986 வரை போர்ட் ஒயினை ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் விலா நோவா டி காயாவிலிருந்துதான் ஏற்றுமதி செய்யலாம். அங்கே கிடங்கு வைத்திருந்த வணிக நிறுவனங்களுக்கே சிறு தோட்டக்காரர்கள் விற்றாக வேண்டும். "எங்கள் மாமியார் காலத்தில் எங்கள் ஒயின் எங்கள் பெயரில் வந்ததே இல்லை" என்றார். அந்த வருடம் சட்டம் மாறிய பிறகுதான் தோட்டத்திலிருந்தே நேரடியாக அனுப்ப முடிந்தது. இன்றைக்குத் தன் தோட்டத்துப் பெயர் போட்ட பாட்டிலை அவர் எடுத்து வைத்தபோது முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

புதுவாசகர்:

தாழி ஒயினைக் கடையில் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது அண்ணா? வாங்கி நாளாக வைத்துக்கொள்ளலாமா?

லிஸ்பன்வாசி:

லேபிளில் 'வின்யோ டி தால்யா' என்ற பெயரும் அலென்டேஜோ சான்று முத்திரையும் இருக்கிறதா பாருங்கள் தம்பி. நவம்பர் 11 வரை தோலோடு தாழியிலேயே இருந்திருக்க வேண்டும் என்பது அந்த விதி. 'ஆம்ஃபொரா' என்று மட்டும் போட்டிருந்தால் மண்பாண்டத்தில் செய்தது என்றுதான் அர்த்தம். இந்த விதிப்படி செய்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஊரில் குடத்தில் வாங்குவதைச் சீக்கிரம் குடித்துவிடுவதே நல்லது, வெயில் காலம் வரை வைக்காதீர்கள். முடிந்தால் நவம்பரில் நேரிலேயே போய்விடுங்கள். விடிகெய்ரா, கூபா பக்கத்துச் சின்ன மதுக்கடைகளில் தாழியிலிருந்து நேராகப் பிடித்துக் கொடுப்பார்கள்.