எலீஸை டிரெய்லரில் ஏற்றி டிராக் டேக்கு இழுத்துப் போக: எங்கே நிறுத்துவது, எப்படிக் கட்டுவது?

வளைவுப்பித்தன்:
வணக்கம். வண்டி லோட்டஸ் எலீஸ்ங்கற சின்ன ஸ்போர்ட்ஸ் கார், இரண்டாம் தலைமுறை. டாங்க் நிறைய பெட்ரோலோட எடை போட்டா 900 கிலோ. டிராக் டேக்கு (பந்தயத் தடத்துல சொந்தக் காரை ஓட்டற நாள்) போக, டிராக் டயரோட நெடுஞ்சாலையில ஓட்டறதும், அங்கே ஏதாவது உடைஞ்சா திரும்ப வழியில்லாம நிக்கறதும் வேண்டாம்னு டிரெய்லருக்கு மாறப் போறேன்.

இழுக்கப்போற எஸ்யூவிக்கு, பிரேக் உள்ள டிரெய்லர்னா 1500 கிலோ வரை அனுமதி. டோ பால் (எஸ்யூவி பின்னாடி டிரெய்லரை மாட்டற உருண்டை) மேல 75 கிலோ வரை இறங்கலாம். பார்த்து வச்சிருக்கற டிரெய்லர் ரெண்டு ஆக்ஸில், திறந்த மேடை, சொந்த எடை 450 கிலோ, தகட்டுல மொத்தம் 2000 கிலோன்னு போட்டிருக்கு. கப்ளர்ல (பால் மேல பூட்டற டிரெய்லர் முனை) இருந்து ரெண்டு ஆக்ஸிலுக்கும் நடு வரை 3.2 மீட்டர். முன்னாடி நாலு வீல் வைக்க ஒரு ரேக்.

கேள்விகள்: காரை மேடையில எந்த இடத்துல நிறுத்தணும்? பட்டையை சக்கரத்துல கட்டறதா, சேஸிஸ்லயா? ஸ்பிளிட்டர் (முன் பம்பருக்குக் கீழ நீட்டிக்கிட்டிருக்கற தகடு) தரையிலிருந்து 100 மி.மீ. தான், ரேம்ப்ல இடிக்காம ஏத்த என்ன வழி?

அச்சாணி:
முதலில் கூட்டிப் பாருங்கள். கார் 900, டிரெய்லர் 450, நாலு வீலும் டயரும் சுமார் 64, ஜாக், கருவிகள், கேன் எல்லாம் 40. மொத்தம் 1454 கிலோ. தகட்டில் உள்ள 2000 உங்களுக்கு உதவாது; எஸ்யூவியின் 1500 தான் எல்லை. இன்னும் 46 கிலோதான் மிச்சம். அதனால் டிரெய்லரின் 450 என்பதை விற்பவர் வாய்ச்சொல்லாக எடுத்துக்கொள்ளாமல் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். வின்ச் (காரை மேடைக்கு இழுக்கும் கம்பி உருளை), ஸ்டெப்னி, மேடைப் பலகை எல்லாம் சேர்ந்து 500ஐத் தாண்டிய டிரெய்லர்கள் நிறைய உண்டு. எஸ்யூவியின் கையேட்டில் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்குத் தனி வரம்பு இருக்கும், அதையும் பாருங்கள்.

அடுத்து பால் மேல் இறங்கும் எடை. டிரெய்லர் நேராக வருமா, வாலாட்டுமா என்பதைப் பெரும்பாலும் இதுதான் முடிவு செய்கிறது. ஐரோப்பிய வகை இணைப்புகளில் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் வைப்பது வழக்கம். உங்கள் 1454க்கு 5 சதவீதமே 73 கிலோ. வரம்பு 75. ஆகவே குறி 70க்கும் 75க்கும் நடுவில். 'வரம்புக்குக் கீழே எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது' என்று நினைத்து 40 கிலோவில் விட்டுவிடாதீர்கள். மூக்கு இலேசான டிரெய்லர்தான் வேகம் கூடும்போது ஆட ஆரம்பிக்கும்.

இப்போது இடம். எலீஸில் எடை முன்னால் சுமார் 38, பின்னால் 62 சதவீதம். வீல்பேஸ் 2300 மி.மீ. அப்படியானால் காரின் எடை நடுப்புள்ளி முன் சக்கர மையத்திலிருந்து 1.43 மீட்டர் பின்னால் இருக்கிறது. கதவுக்குக் கீழே உள்ள சில்லில் (காரின் வாசற்படி விளிம்பில்) அந்த இடத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். அந்த டேப் டிரெய்லரின் இரண்டு ஆக்ஸில்களுக்கும் நடுவே வந்தால், காரின் எடை பாலுக்கு ஏறவும் செய்யாது, குறையவும் செய்யாது. அங்கிருந்து காரை 10 செ.மீ. முன்னால் நகர்த்தினால் பாலில் 28 கிலோ கூடும் (900 × 0.1 ÷ 3.2). ஒரு சாண் கூட இல்லாத நகர்வு, ஆனால் உங்கள் வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

காலி டிரெய்லர் பாலில் 35 கிலோ அழுத்துகிறது என்று வையுங்கள். ரேக் ஆக்ஸில் நடுவிலிருந்து 2.4 மீட்டர் முன்னால் இருந்தால், 64 கிலோ வீல்கள் 48 கிலோவைச் சேர்க்கும். மொத்தம் 83. அப்போது காரை 3 செ.மீ. பின்னால் எடுத்தால் 75க்கு வந்துவிடும். கருவிப் பெட்டியை ஆக்ஸில்களுக்கு மேலே வையுங்கள். மேடையின் கடைக்கோடியில் கனமான எதையும் வைக்காதீர்கள். கணக்கில் எடை சரியாக வந்தாலும், இரு கோடியிலும் பாரம் இருந்தால் ஆட்டம் தொடங்கியபின் அடங்க நேரமாகும்.

அளக்க: சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, குளியலறை எடைக்கருவியை கப்ளருக்கு நேர் கீழே வைத்து, ஒரு மரத்துண்டால் கப்ளரைத் தாங்கி, ஜாக்கி வீலை (டிரெய்லர் மூக்கைத் தாங்கும் சிறு சக்கரம்) தூக்குங்கள். இழுக்கும்போது கப்ளர் எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் இருக்கவேண்டும். இரட்டை ஆக்ஸிலில் மூக்கு சற்று ஏறினாலோ இறங்கினாலோ அளவு மாறிவிடும். சரியான இடம் கிடைத்ததும் மேடையில் முன் சக்கரத்துக்கு முன்னால் ஒரு ஆங்கிள் இரும்பை போல்ட் போட்டுவிடுங்கள். அடுத்த தடவை சக்கரம் அதில் முட்டினால் வேலை முடிந்தது.

பட்டறைக்காரன்:
கட்டறதைப் பத்தி நான் சொல்றேன். சக்கரத்துல கட்டுங்க. சேஸிஸ்ல கட்டினா சஸ்பென்ஷன் ஒவ்வொரு பள்ளத்துலயும் அமுங்கும், அந்த நொடியில பட்டை தளரும், கொக்கி கழலவும் வாய்ப்பிருக்கு. அதுக்காக காரை ஸ்பிரிங் முழுக்க அமுங்கற வரை இழுத்துக் கட்டறதும் தப்பு. எலீஸோட சேஸிஸ் ஒட்டிச் சேர்த்த அலுமினியம். அதுல இருக்கற ஓட்டைகள் கொக்கி மாட்டறதுக்கானவை இல்ல. விஷ்போன்லயும் (சக்கரத்தை சேஸிஸோட இணைக்கற சஸ்பென்ஷன் கை) மாட்டாதீங்க. மெல்லிசான குழாய், பக்கத்துலயே பிரேக் ஹோஸ், ரெண்டுக்கும் ஆபத்து.

சக்கரத்துக்கு ஒண்ணா நாலு பட்டை, 50 மி.மீ. அகலம், லேபிள்ல எல்சி (பட்டை தாங்கற இழுவைத் திறன்) 2500 டெக்காநியூட்டன்னு, அதாவது சுமார் 2500 கிலோ இழுவைன்னு, இருக்கணும். டயர் மேல சுத்தி வர்ற பட்டையில மூணு ரப்பர் கட்டை இருக்கறதா வாங்குங்க, அது டயர் பள்ளத்துல பிடிச்சு பக்கவாட்டுல நழுவாம நிக்கும். ஒரு முனை சக்கரத்துக்கு முன்னாடி, ஒரு முனை பின்னாடி, மேடை வளையத்துல.

பொதுவா சரக்குக் கட்டற கணக்குல முன்னோக்கி எடையில 0.8 மடங்கு, பின்னோக்கியும் பக்கவாட்டுலயும் 0.5 மடங்கு தாங்கணும். 900 கிலோவுக்கு முன்னோக்கி 720 கிலோ. கையால ராட்செட்டை இறுக்கினா சாதாரண பட்டையில சுமார் 300 கிலோ இழுவைதான் வரும். அதனால கீழ அமுக்கிப் பிடிக்கறதை நம்பாதீங்க; சக்கரம் உருளவோ நகரவோ பார்த்தா பட்டையே நேரா தடுக்கற மாதிரி வளையங்கள் அமையணும்.

உங்க கார்ல ஒரு சிக்கல் வரும். இறக்கிவிட்ட சஸ்பென்ஷன்னா டயருக்கும் பைபர் கிளாம் (ஒரே துண்டா வர்ற வெளிக்கூடு) விளிம்புக்கும் இடைவெளி கம்மி. பட்டை அங்கே உரசிக்கிட்டே வந்தா ரெண்டும் கெடும். அப்படின்னா ஸ்போக்குக்குள்ள விடற மெத்தென்ற லூப் பட்டை போட்டு அதுல இருந்து கட்டுங்க. விடும்போது காலிபரையும் பிரேக் ஹோஸையும் பட்டை தொடாம பார்க்கணும்.

கடைசி செஷன் முடிஞ்சதும் டிஸ்க் கொதிக்கும். அந்த நேரத்துல ஹேண்ட் பிரேக் இழுக்காதீங்க, பேட் பட்ட இடம் மட்டும் சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும். கியர்ல போட்டு, கட்டை வச்சு, ஆறினதும் இழுங்க. கிளம்பி 15, 20 கி.மீ.ல ஒரு தடவை நிறுத்தி நாலு பட்டையையும் திரும்ப இறுக்கணும். டயர் உக்காரும்போது கட்டாயம் தளரும். எதையும் தொடாம நீளமா ஓடற பட்டையில ஒரு முறுக்கு விட்டா காத்துல படபடக்காது.

மெதுவோட்டம்:
ரேம்ப் பற்றி. மேடை உயரம் 450 மி.மீ., ரேம்ப் நீளம் 2.4 மீட்டர் என்றால் சரிவு 10.8 டிகிரி. ஸ்பிளிட்டர் 100 மி.மீ. உயரத்தில், முன் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து 600 மி.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் தாங்குவது 9.5 டிகிரிதான். நிச்சயம் இடிக்கும். ரேம்பின் கீழ்முனைக்கு 100 மி.மீ. உயரக் கட்டை வைத்து, அந்தக் கட்டைக்கு ஏற இன்னொரு நீளமான பலகை போட்டால் ரேம்ப் 8.4 டிகிரிக்கு இறங்கும். கட்டை நழுவாமல் இருக்க ரேம்போடு பின் அடித்துப் பிணையுங்கள்.

ஏற்றும்போது டிரெய்லர் எஸ்யூவியில் மாட்டியிருக்க வேண்டும், பின் முட்டுக்கால்கள் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் காரின் எடை வாலில் ஏறியதும் எஸ்யூவியின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், பின் சக்கரத்தில் ஹேண்ட் பிரேக் இருந்தும் பிடிப்பு போய்விடும்.

ஓட்டி ஏற்றுவதைவிட வின்ச் நல்லது. காரணம் கதவு. மேடையில் ஏறியபின் டிரெய்லரின் மட்கார்டு கதவைத் திறக்க விடாது. எலீஸில் அகலமான சில்லைத் தாண்டி ஜன்னல் வழியே வெளியேறுவது பெரும்பாடு. கழற்றக்கூடிய மட்கார்டு உள்ள டிரெய்லர் கிடைத்தால் அதையே எடுங்கள்.

வளைவுப்பித்தன்:
ரொம்ப நன்றி. அளந்து பார்த்தேன். டேப்பை ஆக்ஸில் நடுவுக்குக் கொண்டு வந்தா காரோட மூக்கு டயர் ரேக்ல முட்டுது. ரிவர்ஸ்ல ஏத்தலாமா?

அச்சாணி:
தாராளமாக. எடை நடுப்புள்ளி பின் சக்கரத்திலிருந்து 87 செ.மீ. தான், அதனால் பின்புறமாக ஏற்றினால் ரேக்குக்கு இடம் கிடைக்கும். டேப் அதே இடத்தில்தான் வரவேண்டும், மாற்றமில்லை. ஆனால் காற்று பின்னாலிருந்து மோதும்: துணிக்கூரையைக் கழற்றி உள்ளே வையுங்கள், எஞ்சின் மூடியை ஒரு மெல்லிய பட்டையால் கட்டுங்கள். உறை போர்த்த வேண்டாம், துணி அடித்து அடித்து பெயின்ட்டைத் தேய்த்துவிடும்.

மெதுவோட்டம்:
கிளம்பும் முன் இன்னும் சில. கப்ளரைப் பூட்டியபின் ஜாக்கி வீலைச் சுற்றி மூக்கைத் தூக்குங்கள். எஸ்யூவியின் பின்பக்கமும் கூடவே எழுந்தால் பூட்டு விழுந்திருக்கிறது. கப்ளரும் பாலும் ஒரே அளவா பாருங்கள், 50 மி.மீ. கப்ளரில் 2 இன்ச் பால் சரியாக உட்காராது. அறுந்தால் பிரேக் பிடிக்கும் கம்பியை இழுவைச் சட்டத்தில் உள்ள வளையத்தில் மாட்டுங்கள். பால் கழுத்தில் சும்மா சுற்றிவிட்டால் கழன்றுவிடும்.

டிரெய்லர் டயர் தேய்ந்து போவதைவிட வயதாகித்தான் வெடிக்கிறது. பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு வயதைத் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். காற்றழுத்தம் டிரெய்லர் டயருக்கு உரியது, கார் டயரின் அளவு அல்ல. புதிதாக மாட்டிய வீல் நட்டுகளை 50 கி.மீ.யில் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். நிறுத்தும்போதெல்லாம் நாலு ஹப் பக்கமும் கையை மெல்லக் கொண்டுபோங்கள். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் சுட்டால், அங்கே பேரிங்கில் கிரீஸ் போயிருக்கும் அல்லது பிரேக் உரசிக்கொண்டிருக்கும். அப்படியே ஓட்டினால் வீல் கழன்று போகும் வரை போகும்.

சாலையில் டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். எதிர்த்துத் திருப்பாதீர்கள், அழுத்தி பிரேக் போடாதீர்கள், வேகத்தைக் கூட்டி இழுத்து நிமிர்த்தவும் பார்க்காதீர்கள். வேகம் குறைந்ததும் ஆட்டம் தானாக அடங்கும். பிறகு பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கார் நகர்ந்திருக்கிறதா, டயரில் காற்று இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும்.